சீட்டில்லாப் பயணி

சென்ற ஆண்டு மார்கழி மாதத்தில் நம் இல்லத்தில் ஒரு வழக்கு எழுந்தது. நீதிமன்றம் ஏறும் வழக்கன்று. அடுப்பங்கரையில் தொடங்கிக் கூடத்தில் வந்து நிற்கும் வழக்கு. வாதி நம் அன்னை. பிரதிவாதி நம் இல்லாள். எப்பக்கம் தீர்ப்புச் சொன்னாலும் மறுபக்கம் கண்ணீர் வரும் என்றறிந்து, வாய் திறவாது விழித்துக்கொண்டிருந்த நடுவர் நாம். வழக்கிற்குரிய பொருளோ, ஒன்றரைக் கிலோ எடையுள்ள ஓர் ஆண் சிசு.

சங்கத்து இதழில் இப்பொருள் பற்றி எழுதலாமோ என்று முதலில் தயங்கினோம். இவ்விதழைப் படிக்கும் குடும்பங்களில் சைவர் உளர், வைணவர் உளர், இஸ்லாமியர் உளர், கிறிஸ்தவருள்ளும் பல சபையினர் உளர். எவரையும் எச்சபைக்கும் அழைப்பதற்காக இதனை எழுதவில்லை. ஊரைவிட்டு வந்து வாழும் நம்மனைய குடும்பங்களில், பாட்டனார் வழிவந்த நம்பிக்கை ஒன்றும், பக்கத்து வீட்டார் அன்பின்வழி வந்த நம்பிக்கை ஒன்றும் ஒரே கூரையின்கீழ்ச் சந்திக்கும்போது நேர்வது யாது என்பதைச் சொல்வதே நோக்கம். இத்தகைய நிலை சமய வேறுபாடின்றிப் பலர்க்கும் நேர்ந்திருக்கக்கூடும்.

நாம் பிறந்தது தரங்கம்பாடிக்கு அருகே, பொறையாற்றை அடுத்த ஒரு சிற்றூரில். தந்தையார் லுத்தரன் சபையின் உபதேசியார். பத்தாம் வகுப்புத் தேறி, இரயில்வேயில் பாதை பராமரிக்கும் தொழிலாளியாகச் சேர்ந்து, பின்னர்த் துறைத் தேர்வெழுதி எழுத்தரானோம். ராஞ்சிக்கு வந்து 9 ஆண்டுகள் ஆகின்றன. வயது 36. இறையியல் கல்லூரியின் வாசற்படியை மிதித்ததில்லை. எனவே இங்கு நாம் சொல்வனவற்றை ஒரு குடும்பத்தானின் சொல்லாக மட்டுமே கொள்ள வேண்டுகிறோம்.

ராஞ்சியில் தமிழ் ஆராதனை மாதம் ஒருமுறைதான் நடைபெறும். அதனை நடத்தும் குருவானவர் வெகுதூரத்திலிருந்து வரவேண்டியவர். சில மாதங்களில் வரவும் இயலாது. மற்ற ஞாயிறுகளில் நாம் இவ்வூர் லுத்தரன் ஆலயத்தின் இந்தி ஆராதனைக்குச் செல்வோம். நம் இல்லாளுக்கு இந்தி அவ்வளவாக ஓடாது. அவளுடைய தனிமையைத் தீர்த்தது எங்கள் குடியிருப்பில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் ஒரு ஜெபக்குழு. எச்சபையையும் சாராத குழு அது. திருநெல்வேலிப் பக்கத்து அம்மையார் ஒருவர் அதனை நடத்துகிறார். நம் இல்லாள் அவரை அக்கா என்றழைப்பாள். நாமும் அவ்வாறே அழைத்துப் பழகிவிட்டோம். கைதட்டிப் பாடுவர், கண்ணீர் விட்டு ஜெபிப்பர், அவரவர் தம் வாழ்வில் ஆண்டவர் செய்ததைச் சாட்சியாகச் சொல்வர். எழுதிவைத்த ஜெபத்தை வாசித்தே பழகிய நமக்கு அது சற்றுக் கூச்சமாயிருந்தது. ஆயினும் இல்லாளின் முகம் தெளிந்திருந்ததைக் கண்டு மகிழ்ந்தோம்.

மணமாகி 8 ஆண்டுகள் கழித்து அவள் கருவுற்றாள். குழந்தை இரண்டு மாதம் முந்திப் பிறந்தது. ராஞ்சியின் மார்கழிக் குளிரை அறிந்தோர்க்கு அந்நாட்களைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. சிசுவை இன்குபேட்டர் பெட்டியில் வைத்தனர். தாய்க்கும் காய்ச்சல். ஊரிலிருந்து அன்னை புறப்பட்டு வர இரண்டு நாட்களுக்கு மேலாகும், சீட்டும் கிடைக்கவில்லை. அந்த 22 நாட்களும் நம்மைத் தாங்கியவர்கள் அக்காவும் அவர் குழுவினருமே. ஒருவர் கஞ்சி கொண்டுவருவார். ஒருவர் துணி துவைத்துத் தருவார். இரவில் ஒருவர் மாற்றி ஒருவர் மருத்துவமனை நடையில் விழித்திருப்பார். நம் சபையிலிருந்தோ அந்நாட்களில் ஒருவரும் வரவில்லை. நாம் சொல்லி அனுப்பவும் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சொல்லாமலே அறிந்து வந்தவர்கள் அவர்கள். சொன்னால்தான் அறிவார்கள் என்னும் நிலையில் இருந்தவர்கள் நாங்கள்.

ஐந்தாம் நாள் இரவு சிசுவின் மூச்சு தடுமாறிற்று. செய்தி கேட்டு அன்னை தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, ஐயர் வரும்வரை காத்திராதே. நீயே தண்ணீர் ஊற்று” என்றார். லுத்தரன் சபையில் அதற்கு இடமுண்டு. உயிருக்கு ஆபத்தான வேளையில் குருவானவர் இல்லையெனில், கிறிஸ்தவர் எவரும் திரியேக தேவனின் நாமத்தில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம். நம் தந்தையார் கிராமங்களில் அவ்வாறு செய்ததுண்டு. நாமும் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுசென்றோம்.

நம் இல்லாள் அதனைக் கண்டாள். “வேண்டாம். அவன் சாகப்போகிறான் என்று நீங்களே முடிவு கட்டிவிட்டீர்களா? அக்கா ஜெபிக்கிறார்கள். ஆண்டவர் சுகம் தருவார். அவன் வளர்ந்து, தானே ஆண்டவரை ஏற்றுக்கொண்டு, அப்போது முழுக்கு எடுக்கட்டும்” என்றாள். காய்ச்சலில் அவள் உடல் நடுங்கிக்கொண்டிருந்தது. நாம் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டோம். நடையில் அக்காவின் ஜெபம் விடியும்வரை கேட்டது. விடிந்தபோது மூச்சு சீராயிற்று. அவ்விரவு வைத்த கிண்ணமே பின்னர் நம் இல்லத்து வழக்காயிற்று.

தாயும் சேயும் வீடு திரும்பிய வாரத்தில் அன்னை வந்து சேர்ந்தார். வந்ததும் கேட்ட முதற்கேள்வி, “பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்றைக்கு?” என்பதே. இல்லாள் மறுமொழி சொன்னாள்: “ஞானஸ்நானம் இல்லை, அத்தை, பிரதிஷ்டை ஜெபம் செய்து ஆண்டவருக்கு ஒப்படைப்போம்.” அன்னை திகைத்தார். “அப்படியானால் நீயும் நானும் பெற்றது என்ன?” என்றார். இல்லாள் சிறிது நேரம் பேசாதிருந்து, “அது பெற்றோர் செய்தது. நாம் செய்ததன்று. நானும் முழுக்கு எடுக்கலாமென்று இருக்கிறேன்” என்றாள். பின்பு நம் பக்கம் திரும்பி, “நீங்கள் என்றைக்கு இரட்சிக்கப்பட்டீர்கள்? நாள் சொல்ல முடியுமா?” என்று கேட்டாள்.

அவள் குத்திக் கேட்கவில்லை. உண்மையாகவே அறிய விரும்பினாள். நமக்குச் சொல்ல நாள் ஒன்றும் இருக்கவில்லை. பணியில் சேர்ந்த நாள், பதவி உயர்ந்த நாள் எல்லாம் பணிப்பதிவேட்டில் உள. இதற்கு மட்டும் தேதி இல்லை. அன்றிரவு உறக்கமில்லை.

நிற்க. இங்கு ஒரு சொல்லைப் பற்றிப் பேசவேண்டியுள்ளது. நாம் சார்ந்த சபையின் பெயர் தமிழ்ச் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை. 1919ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் தோன்றியது. அப்பெயரிலேயே ‘சுவிசேஷ’ என்னும் சொல் நிற்கிறது. மார்ட்டின் லுத்தரைப் பின்பற்றியோர் தம்மை அப்படி அழைத்துக்கொண்டபோது, மனிதனைக் கடவுள் தம் கிருபையினாலே, கிறிஸ்துவின் நிமித்தம் ஏற்றுக்கொள்கிறார் என்னும் நற்செய்தியைச் சார்ந்தவர்கள் என்பதே பொருள். பிற்காலத்தில், சிறப்பாக இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எழுந்த எழுப்புதல் இயக்கங்களுக்குப் பின், அதே சொல் வேறொரு நிறம் பெற்றது. தனிமனிதனின் மனந்திரும்புதல், அவன் எடுக்கும் தீர்மானம், அதனைப் பிறரறியச் சொல்லும் சாட்சி ஆகியவையே முன்னுக்கு வந்தன. பெயர் ஒன்று, அழுத்தம் இரண்டு. நம் இல்லாளும் அன்னையும் ‘சுவிசேஷம்’ என்றே இருவரும் சொன்னார்கள். ஒருவர் சொன்னது மற்றவர்க்கு விளங்கவில்லை.

அவ்வழுத்தம் வெளியிலிருந்து அண்மையில் வந்தது என்றே நாம் எண்ணியிருந்தோம். தந்தையார் விட்டுச்சென்ற நூல்களைப் புரட்டியபோது அவ்வெண்ணம் தகர்ந்தது. லுத்தரன் சபையினுள்ளேயே 17ஆம் நூற்றாண்டில் அது பிறந்திருக்கிறது. ஸ்பேனர் என்னும் குருவானவர் 1670ஆம் ஆண்டில் பிராங்பர்ட் நகரில் தம் இல்லத்தில் மக்களைக் கூட்டி வேதம் வாசித்து ஜெபித்தார். சபையைச் சீர்ப்படுத்தும் வழிகளைக் கூறி 1675இல் ஒரு நூலும் எழுதினார். அவர் வழிவந்த பிராங்கே, 1687ஆம் ஆண்டில் ஒரு பிரசங்கத்தை ஆயத்தம் செய்கையில், தாம் பிறர்க்குச் சொல்லவிருக்கும் விசுவாசம் தம்மிடமே இல்லையென்று கலங்கி, முழந்தாளிட்டு மன்றாடி, ஒரே இரவில் ஐயம் நீங்கப் பெற்றார். அவர் ஹாலே நகரில் அநாதை இல்லமும் பள்ளிகளும் நிறுவினார். அதன்பின் ஹாலேயைச் சார்ந்தோர் பலரும் அத்தகைய போராட்டத்தையும் அத்தகைய விடுதலையையும் ஒவ்வொருவரிடமும் எதிர்பார்க்கலாயினர்.

அந்த ஹாலேயிலிருந்து புறப்பட்டவரே சீகன்பால்கு. டென்மார்க் அரசர் அனுப்ப, புளூட்சோவுடன் 1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சேற்றியவர் அவரென்பதைத் தமிழர் எச்சமயத்தினரும் அறிவர். ஆகவே நம் ஊர்ச் சபைக்கு வித்திட்டவரே மனந்திரும்புதலை வற்புறுத்திய பக்தி இயக்கத்தைச் சேர்ந்தவர்தாம். அக்கா கேட்கும் கேள்வியை அவரும் கேட்டிருப்பார். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவ்வியக்கத்தார் குழந்தை ஞானஸ்நானத்தைத் தள்ளவில்லை. லுத்தரின் ஞானோபதேசத்தைக் கைவிடவில்லை. உள்ளத்தின் அனலை வேண்டினார்கள். அனல் இல்லாதபோது ஞானஸ்நானமே பொய் என்று சொல்லவில்லை.

தரங்கம்பாடிச் சபைக்கு மற்றொரு தாயும் உண்டு. 1840களில் டிரெஸ்டன் நகரிலிருந்தும், பின்னர் அச்சங்கம் இடம் மாறிய லைப்சிக் நகரிலிருந்தும் வந்த மிஷனரிமார், 1530ஆம் ஆண்டின் அவுக்ஸ்பூர்க் விசுவாச அறிக்கையை உறுதியாகப் பற்றியவர்கள். அச்சங்கத்தின் தலைவராயிருந்த கிரவுல், திருக்குறளை ஜெர்மானிய மொழியில் ஆக்கி 1856இல் வெளியிட்டவர். உணர்ச்சி ஏறும், இறங்கும். அறிக்கை நிலைத்திருக்கும் என்பது அவர்கள் கொள்கை. ஹாலே அடுப்பென்றால் லைப்சிக் சுவர். அடுப்பில்லாத வீட்டில் குளிரால் வாடுவோம். சுவரில்லாத வீட்டில் அடுப்பும் அணைந்துபோம். நம் தந்தையார் காலத்தில் இரண்டும் ஒருவாறு இருந்தன. விடியற்காலையில் வீட்டு ஜெபம் உண்டு. திடப்படுத்தலுக்கு முன் ஞானோபதேசத்தை மனப்பாடம் செய்வதும் உண்டு.

இன்று நம் பக்கத்துச் சபைகள் சிலவற்றில் விடுமுறைக்குச் செல்லும்போது காண்பது வேறு. பழைய ஞானப்பாட்டுகள் குறைந்து, கீபோர்டும் டிரம்ஸும் வைத்த கோரஸ் பாடல்கள் மிகுந்துள்ளன. பாவ அறிக்கையும் பாவமன்னிப்பும் கூறும் பகுதியை நேரமில்லையென்று விட்டுவிடுகின்றனர். சாட்சி சொல்ல மட்டும் நேரம் இருக்கிறது. நற்கருணையில் ஆண்டவர் தம் சரீரத்தையும் இரத்தத்தையும் மெய்யாகவே தருகிறார் என்பது லுத்தரன் போதனை. அதனை வெறும் நினைவுகூர்தலாகப் பேசும் பிரசங்கங்களையும் கேட்டோம். ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகள் வாலிபரானதும் ஆற்றில் மறுபடியும் முழுகி வருகின்றனர். குருவானவர் அறிந்தும் அறியாதவர்போல் இருக்கிறார். அவரைக் குறை சொல்வதும் எளிதன்று. கண்டித்தால் அவ்வாலிபர் சபையைவிட்டே போய்விடுவர் என்னும் அச்சம் அவருக்கு.

இப்போராட்டம் நமக்கு மட்டும் உரியதுமன்று. அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டில் எழுப்புதல் கூட்டங்கள் பரவியபோது, மனங்கலங்கியோர் வந்து அமர்வதற்கென்று முன்வரிசையில் ஓர் இருக்கை போட்டனர். லுத்தரன் சபைகள் சிலவும் அம்முறையை மேற்கொண்டன. கெட்டிஸ்பர்க் இறையியற் பள்ளியின் பேராசிரியர் ஷ்முக்கர், 1855இல் அவுக்ஸ்பூர்க் அறிக்கையையே திருத்த முன்வந்தார். ஞானஸ்நானத்தின் வழியே மறுபிறப்பு, நற்கருணையில் ஆண்டவரின் மெய்ப்பிரசன்னம் ஆகிய போதனைகளை நீக்கவேண்டும் என்றார். பெரும்பாலான சங்கங்கள் அதனை ஏற்கவில்லை. எனினும் அக்கேள்வி ஓய்ந்துவிடவில்லை. இடமும் காலமும் மாறி நம் வீட்டுக் கூடத்திற்கே வந்துவிட்டது.

நூல்களில் இவ்வளவும் அறிந்தும் நம்மால் தீர்ப்புச் சொல்ல இயலவில்லை. வரலாறு சொல்லி ஒரு தாயை வெல்வது எப்படி? அதுவும் நம் குழந்தையைத் தம் ஜெபத்தால் காத்தவர்களுக்கு எதிராக?

இந்நிலையில் ஒரு மாலை, இவ்வூர் லுத்தரன் ஆலயத்தின் முதிய குருவானவர் ஒருவரைக் காணச் சென்றோம். ஒராவ் பழங்குடியைச் சேர்ந்தவர். அவருடைய சபைக்கும் நம் சபையைப்போலவே ஒரு வரலாறு உண்டு. கொஸ்னர் என்பவர் பெர்லினிலிருந்து அனுப்பிய நான்கு மிஷனரிமார் 1845இல் ராஞ்சிக்கு வந்தனர். அந்தக் கொஸ்னர், கத்தோலிக்க குருவாயிருந்து எழுப்புதலால் தொடப்பட்டு வெளியேறியவர். அவரும் அனல் மிகுந்தவரே. வந்தவர்கள் 5 ஆண்டுகள் உழைத்தும் ஒருவரும் சேரவில்லை. 1850இல்தான் ஒராவ் மக்கள் நால்வர் ஞானஸ்நானம் பெற்றனர். நாம் ஞாயிறுதோறும் செல்லும் கிறைஸ்ட் சர்ச் ஆலயம் 1855இல் அர்ப்பணிக்கப்பட்டது. நம் தமிழ்ச் சபை தன்னாட்சி பெற்ற அதே 1919இல் இச்சபையும் தன்னாட்சி பெற்றது.

நம் வழக்கை அவரிடம் சொன்னோம். குழுவினர்மேல் குறை சொல்வார் என்று எதிர்பார்த்தோம். அவர் முதலில் கேட்டது, “நீர் மருத்துவமனையில் இருந்த 22 நாளும் எனக்கு ஏன் சொல்லவில்லை?” என்பதே. நாம் தலைகுனிந்தோம். “நீர் சொல்லாததும் குற்றம்; ஞாயிறுதோறும் வரும் மனிதர் மூன்று வாரம் வரவில்லையே என்று நான் விசாரியாததும் குற்றம். அவர்கள் உம் வீட்டிற்குள் வந்த வாசல், நாங்கள் மூடி வைத்த வாசல்தான்” என்றார். பின்பு, “உம் மனைவியிடம் வாதாடாதீர். அந்தப் பெட்டிக்குள் கிடந்த குழந்தையை நினைத்துப் பாரும். அது என்ன செய்தது?” என்று மட்டும் கேட்டு அனுப்பிவிட்டார்.

மறுநாள் அலுவலகத்தில், நம் பக்கத்து மேசை மூத்தவரிடம் இதனைச் சொல்லிக்கொண்டிருந்தோம். அவர் திருவரங்கத்துக்காரர்; வைணவர். கேட்டுவிட்டுச் சிரித்தார். “இது எங்கள் வீட்டிலும் உண்டு, சார். குரங்குக்குட்டி தாயைத் தானே பிடித்துக்கொள்ளும். பூனைக்குட்டியைத் தாய் கவ்விக்கொண்டு போகும். ஆண்டவன் காப்பது எந்த வகையில் என்று எங்களில் இரு கலையாரும் நூற்றாண்டுக் கணக்கில் பேசிக்கொண்டிருக்கிறோம்” என்றார். இரு சமயங்களின் கொள்கையும் ஒன்றென்று நாம் சொல்லவரவில்லை. ஆயினும், நாம் தேடியலைந்த உவமை திருவரங்கத்திலிருந்து நம் மேசைக்கே வந்து சேர்ந்தது என்று வியந்தோம். லுத்தர் தம் ஞானோபதேசத்தில் சொல்வது பூனைக்குட்டியின் நிலையே. மனிதன் தன் அறிவாலும் ஆற்றலாலும் கிறிஸ்துவிடம் வந்துசேர இயலாது. ஆவியானவரே அழைத்துக் கொண்டுவருகிறார் என்பது அவர் போதனை. உள்ளம் கலங்கிய வேளைகளில் அவர் தம் உணர்ச்சியை அளந்து பார்க்காமல், தாம் ஞானஸ்நானம் பெற்றவர் என்பதையே பற்றிக்கொண்டார் என்பர். ஞானஸ்நானம் நாம் கடவுளுக்குக் கொடுக்கும் வாக்கன்று. அவர் நமக்குக் கொடுக்கும் வாக்கு. விசுவாசம் அதனை உண்டாக்குவதில்லை, ஏற்றுக்கொள்கிறது.

நம் தொழிலிலிருந்து ஒன்று சொல்வோம். 5 வயதிற்குட்பட்ட குழந்தைக்கு இரயிலில் சீட்டு வாங்க வேண்டியதில்லை. அது தாயின் மடியில் உறங்கும். வண்டி எங்கே போகிறதென்று அறியாது. ஆயினும் சீட்டெடுத்த நாம் ஊர் சேரும்போது, அதுவும் அதே நொடியில் ஊர் சேர்கிறது. வளர்ந்தபின் வண்டியின் பெயரையும் வழியையும் அறியட்டும், அறியவேண்டும். ஆனால் அறிந்த நாளில்தான் பயணம் தொடங்கிற்று என்று சொல்லலாகுமா?

இதனை இல்லாளிடம் சொல்ல வாய்ப்பை எதிர்பார்த்திருந்தோம். சொல்ல வேண்டிய தேவை வரவில்லை. ஒரு நாள் நள்ளிரவில் குழந்தைக்குப் பாலூட்டிக்கொண்டிருந்தவள், தானாகவே பேசினாள். “அன்று காய்ச்சலில் கிடந்தபோது எனக்கு ஜெபம் செய்யவும் வரவில்லை. விசுவாசம் இருந்ததா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. அக்காதான் எனக்காக ஜெபித்தார்கள். நான் ஒன்றும் செய்யவில்லை. எனக்கே அப்படியென்றால், இவன் தீர்மானம் செய்யும்வரை ஆண்டவர் காத்திருப்பாரா?” என்றாள். சிறிது நேரம் கழித்து, “கிண்ணத்தைத் தட்டிவிட்டேனே என்று உறுத்துகிறது” என்றாள். “தட்டிவிடவில்லை, வைத்தவன் நான்” என்றோம். அதுவே உண்மை. அவள் அச்சத்தால் தடுத்தாள். நாமோ அவள் கண்ணீருக்கு அஞ்சி நம் கடமையை விட்டோம். குழந்தை பிழைத்ததால் அக்குறை மறைந்துவிடாது.

லுத்தரன் போதனையை நம் இல்லாளுக்கு விளக்கியவர் நாமல்லேம். அதனை ஏற்காத அக்காவே. வாயால் தீர்மானத்தைப் போதித்த அவர், கையால் கிருபையைச் செய்து காட்டினார்.

மாசி மாதத்து ஞாயிறொன்றில், கிறைஸ்ட் சர்ச் ஆலயத்தில், அம்முதிய குருவானவர் கையால் நம் மகன் ஞானஸ்நானம் பெற்றான். இந்தியில் நடந்த சடங்கு. முறைமையோ நம் ஊரில் கேட்டதே. அன்னைக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆயினும் எவ்விடத்தில் எழுந்து நிற்க வேண்டும், எவ்விடத்தில் ஆமென் சொல்ல வேண்டும் என்பதை அவர் தவறவிடவில்லை. நம் அலுவலக நண்பர் திருவரங்கத்தார் குடும்பத்துடன் வந்திருந்தார்.

அக்காவை அழைத்தபோது, “என் மனசாட்சி இதற்கு ஒப்பவில்லை, தம்பி. ஞானத்தாயாக நிற்கமாட்டேன். ஆனால் பிள்ளையைப் பார்க்க வருவேன்” என்றார். சொன்னபடி வந்து கடைசி வரிசையில் அமர்ந்திருந்தார். சடங்கு முடிந்ததும் முதலில் குழந்தையை வாங்கி முத்தமிட்டவர் அவரே. குழுவில் வேறு இருவர் அதன்பின் நம் வீட்டிற்கு வருவதை நிறுத்திக்கொண்டனர். அது நமக்கு வருத்தமே. நம் இல்லாள் வெள்ளிக்கிழமைகளில் இன்றும் அங்குச் செல்கிறாள். தான் முழுக்கு எடுப்பதைப் பற்றி இப்போது பேசுவதில்லை. விட்டுவிட்டேன் என்றும் சொல்லவில்லை. நாமும் கேட்பதில்லை. அவளுக்கு நாம் நடுவரல்லேம்.

ஆனால் ஒன்று செய்தோம். புதன்கிழமை மாலைகளில் நம் கூடத்தில் ஒரு சிறு கூட்டம் கூடுகிறது. ஐந்தாறு தமிழ்க் குடும்பங்கள் வருகின்றன. ஞானோபதேசத்தில் ஒரு பகுதி வாசிப்போம். பழைய ஞானப்பாட்டு ஒன்று பாடுவோம். பின்பு ஒவ்வொருவரும் தம் சொந்தச் சொற்களில் ஜெபிப்போம். முதல் வாரம் நமக்கு நா எழவில்லை, இப்போது எழுகிறது. சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். யார் வீட்டில் நோய், யார் மருத்துவமனையில், யார் புதிதாக ஊருக்கு வந்தவர் என்பது அதில் எழுதப்படும். முதிய குருவானவரிடம் அதன் படி ஒன்று வாரந்தோறும் சேர்கிறது. இம்முறையைக் குழுவினரிடமிருந்தே கற்றோம் என்று சொல்ல நமக்கு நாணமில்லை. 1670இல் ஸ்பேனர் தம் இல்லத்தில் தொடங்கியதும் இதைப் போன்றதுதானே! நம்முடையதை நாம் மறந்தோம். அயலார் அதனை வைத்திருந்து நமக்கு நினைவூட்டினர்.

பெறவேண்டியதை அவர்களிடம் பெற்றுக்கொள்வோம்: விசாரிக்கும் அன்பு, வாய்விட்டு ஜெபிக்கும் துணிவு, விழித்திருக்கும் இரவுகள். விடக்கூடாததை விடாதிருப்போம்: நாம் அவரைப் பிடிப்பதற்கு முன்னே அவர் நம்மைப் பிடித்தார் என்னும் நற்செய்தி.

நம் இல்லாள் கேட்ட கேள்விக்கு இப்போது விடை உண்டு. பொறையாற்றுப் பக்கத்து ஆலயப் பதிவேட்டில், தந்தையாரின் கையெழுத்துடன், நாம் பிறந்த 11ஆம் நாளுக்கு நேராக ஒரு வரி எழுதப்பட்டிருக்கிறது. அன்று நாம் உறங்கிக்கொண்டிருந்தோமாம், அன்னை சொல்கிறார்.

நம் மகனுக்கு இப்போது பத்து மாதம் நிறைந்துள்ளது. வரும் பொங்கலுக்கு ஊர் செல்லவிருக்கிறோம். சீட்டு மூன்று எடுத்துள்ளோம்: அன்னைக்கு ஒன்று, இல்லாளுக்கு ஒன்று, நமக்கு ஒன்று. அவன் மடியில் வருவான்.